அணிகளை உங்கள் எழுத்தில் பயன்படுத்துவது எப்படி: புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இப்பாடலில் பயின்றுவந்துள்ள அணி யாது?" என்ற கேள்விக்கு விடை எழுதப் பள்ளியிலேயே பழகிவிடுகிறோம். உவமைக்கு இலக்கணம் தெரியும், உருவகத்துக்கு எடுத்துக்காட்டு தெரியும். ஆனால் நாமே ஒரு பத்தி எழுத உட்காரும்போது, இந்த இடத்தில் உவமை வேண்டுமா, வேண்டுமென்றால் எதை எதற்கு ஒப்பிடுவது, எழுதியது தேறுமா தேறாதா என்பதை யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை. நானும் இதில் நெடுநாள் தடுமாறித்தான் கீழே உள்ள வரிசைக்கு வந்து சேர்ந்தேன். அதே தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வரியில் என்ன குறை என்று தெரிந்த பிறகுதான் அணியைத் தேட வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை வைத்தே அமைந்தவை.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

காசு செலவாகும் எதுவும் தேவையில்லை. மூன்று பொருள்கள் போதும்.

முதலாவது, ஒரு சிறிய நோட்டு. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் அன்றன்றே ஒரு வரியில் குறித்து வைக்க. "லிஃப்ட் கதவு மூடும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மேலே எண்ணைப் பார்க்கிறார்கள்" என்பதுபோல. இதில் அழகான சொற்றொடர்களை எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நல்ல உவமைகள் எல்லாம் பின்னால் இந்த நோட்டிலிருந்துதான் கிடைக்கும்.

இரண்டாவது, உங்கள் வரைவு, இரட்டை இடைவெளி விட்டு அச்செடுத்ததாகவோ கையால் எழுதியதாகவோ இருக்கட்டும். திரையில் திருத்தினால் பழைய வரி காணாமல் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியமான வேலை.

மூன்றாவது, கைபேசியில் உள்ள குரல் பதிவு வசதி. ஏன் என்று ஏழாவது படியில் தெரியும்.

2. முதல் வரைவில் அணியே வேண்டாம்

முதல் முறை எழுதும்போது நடந்தது என்ன, யார், எங்கே, அடுத்து என்ன என்பதை மட்டும் எழுதி முடியுங்கள். நல்ல உவமை ஒன்று தானாக வந்தால் தடுக்க வேண்டாம். ஆனால் அதற்காகப் பேனாவை நிறுத்திவிட்டு யோசிக்கக் கூடாது. நிறுத்தி யோசித்தால் முதலில் வருவது எல்லாருக்கும் முதலில் வருவதுதான்: நிலவு முகம், மின்னல் வேகம், கடல் போன்ற கூட்டம், காட்டுத்தீ போலப் பரவிய செய்தி.

எழுதி முடித்தவுடன் திருத்தவும் உட்காராதீர்கள். சிறிய கட்டுரை என்றால் ஓர் இரவு கழியட்டும். சிறுகதை என்றால் குறைந்தது ஒரு வாரம். எழுதிய சூட்டில் எல்லா வரியும் நமக்கு நன்றாகவே தெரியும்.

3. எந்த வரி வேலை செய்யவில்லை என்று குறியுங்கள்

ஆறிய வரைவைப் பென்சிலோடு படியுங்கள். மூன்று விதமான இடங்களில் கோடு போடுங்கள்.

வாசகருக்குப் படம் தெரியாத இடம்: "மிகவும் அழகாக இருந்தது", "சொல்ல முடியாத வேதனை", "பயங்கரமான சத்தம்" போன்றவை. புரியாத இடம்: புதிய கருத்தையோ கண்ணால் பார்க்க முடியாத ஒன்றையோ விளக்கியிருப்பீர்கள், சொன்னது சரியாகவும் இருக்கும், ஆனால் மனத்தில் பதியாது. மூன்றாவது, முக்கியமான வரி அழுத்தம் இல்லாமல் மற்ற வரிகளோடு கலந்து கிடக்கும் இடம்.

ஓரத்தில் "படம்", "விளக்கம்", "அழுத்தம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த அணி என்பதை இந்தக் குறிப்புதான் முடிவு செய்யும். படம் இல்லையென்றால் முதலில் தன்மையணி (இருப்பதை இருக்கிறபடியே சொல்வது), பிறகு உவமை. விளக்கம் போதவில்லையென்றால் உவமை அல்லது எடுத்துக்காட்டு. அழுத்தம் இல்லையென்றால் முரண் (எதிரெதிரானவற்றைப் பக்கத்தில் வைப்பது), திரும்ப வரும் சொல், ஓசை. கோடு போடாத வரிகளைத் தொடவே வேண்டாம். அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

4. முதலில் தன்மையணியை முயன்று பாருங்கள்

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் வரிசைப்படுத்தும் 35 பொருளணிகளில் முதலில் நிற்பது தன்மையணி. இயல்பு நவிற்சி என்றும் சொல்வார்கள். ஒன்றை அது இருக்கிறபடியே, அதற்கே உரிய சொற்களால் சொல்வது. ஒப்பீடு கிடையாது, மிகையும் கிடையாது. உரைநடை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அணி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். தேர்வுக்குப் படித்துவிட்டு நாம் முதலில் மறப்பதும் இதைத்தான்.

ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம்.

"அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அவன் வெகுநேரம் காத்திருந்தான். மிகவும் பயமாக இருந்தது. நேரம் போகவே இல்லை."

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் "படம்" என்று குறிப்போம். அவசரப்பட்டு அணி சேர்த்தால் இப்படி ஆகும்:

"அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அச்சக் கடலில் மூழ்கியபடி அவன் காத்திருந்தான். நேரம் ஆமையாய் ஊர்ந்தது. இதயம் குதிரையாய் ஓடியது."

கடல், ஆமை, குதிரை மூன்றும் வந்துவிட்டன, ஆனால் அந்த வராந்தா காணாமல் போய்விட்டது. இப்போது தன்மையணி:

"எதிர்ச் சுவரில் இருந்த பலகையைப் படித்தான். அமைதி காக்கவும். மறுபடி படித்தான். அமைதி காக்கவும். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். வெளியே வந்த செவிலியர் ஒவ்வொரு முறையும் அவனைத் தாண்டி வேறு யாரையோ அழைத்தார்."

"பயம்" என்ற சொல்லே இல்லை, ஆனால் பயம் தெரிகிறது. நேரம் போகவில்லை என்பதைப் பலகை இரண்டு முறை வந்ததே சொல்லிவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடும். முடியாத இடத்துக்கு மட்டும் அடுத்த படி.

5. உவமை: எது ஒத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

தொல்காப்பியத்தின் உவமவியல் தொடங்குவதே ஒரு கணக்கோடுதான்: வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும். அதாவது செயலில் ஒப்புமை, விளைவில் ஒப்புமை, வடிவத்தில் ஒப்புமை, நிறத்தில் ஒப்புமை. இதைச் சோதனைத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். உவமை எழுதியதும், "இந்த நான்கில் எது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் உவமையை எடுத்துவிடுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உருவையும் மெய்யையும் பிடித்துக்கொள்கிறார்கள்: பால் வண்ணம், வில் புருவம். வினையும் பயனும்தான் இன்றைய உரைநடைக்கு அதிகம் கைகொடுக்கும். மேலே உள்ள வராந்தாவுக்கே வருவோம். கடைசி வரிக்குப் பின் ஒரு வரி சேர்க்கலாம்:

"தேர்வு முடிவுப் பலகையில் தன் எண்ணைத் தேடுகிறவனைப் போல அவர் முகத்தில் எதையோ தேடினான்."

இங்கே ஒத்திருப்பது வினை. தேடுவதும், கிடைக்காதோ என்ற நடுக்கமும் இரண்டு இடத்திலும் ஒன்று. முகத்துக்கும் பலகைக்கும் வடிவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

இன்னொரு விதியும் அதே இயலில் உண்டு: உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். நம் வேலைக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்: எந்தப் பண்பைக் காட்ட வருகிறீர்களோ, அந்தப் பண்பு உவமானத்தில் கூடுதலாகவும் வாசகருக்குக் கூடுதலாகத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாததோடு ஒப்பிட்டால் வாசகர் இரண்டையும் இழப்பார்.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில.

எதிர்மறை வாக்கியத்தில் "போல". "அண்ணனைப் போல அவன் உழைக்கவில்லை." அண்ணன் உழைத்தானா இல்லையா? இரண்டு பொருளும் வருகிறது. "அண்ணன் அளவுக்கு அவன் உழைக்கவில்லை" என்றோ "அண்ணனைப் போலவே அவனும் உழைக்கவில்லை" என்றோ பிரித்து எழுதுங்கள். நன்றாக எழுதுகிறவர்கள் எழுத்திலும் இதைப் பார்க்கிறேன்.

ஒரே பத்தியில் இரண்டு உவமை. இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடும். நல்லது எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நோட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

பழைய உருபுகள், அதாவது ஒப்புமையைக் காட்டும் சொற்கள். போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப என்று தொடங்கிப் பன்னிரண்டு உருபுகளை நன்னூல் தருகிறது. இன்றைய உரைநடையில் இயல்பாக நிற்பவை போல, மாதிரி, ஒத்த, நிகரான என்ற சிலதான். "கடுப்ப" என்று நீங்கள் எழுதினால் வாசகர் உவமையை விட்டுவிட்டு உருபைப் பார்ப்பார்.

தேய்ந்த உவமைகளை எழுத்தாளர் குரலில் தவிருங்கள். பாத்திரத்தின் வாயில் அவை வரலாம். "தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு" என்று ஒருவர் பேசுவது அவர் பேச்சு. அதை ஏன் மாற்ற வேண்டும்?

கட்டுரை எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உருபு இல்லாமலும் உவமிக்கலாம். எடுத்துக்காட்டு உவமையணி அதுதான். "சுவரை எழுப்ப மாதங்கள் ஆகும். இடிக்க ஒரு பகல் போதும். பத்து ஆண்டுகள் சேர்த்த நற்பெயரை அவர் ஒரே கடிதத்தில் இழந்தார்." நடுவில் "அதுபோல" என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வேகம் குறைந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும், சேர்க்கும் வேலையை வாசகர் செய்துகொள்வார்.

6. உருவகம்: எடுத்தால் கடைசிவரை கொண்டுபோங்கள்

"மலர்முகம்" என்றால் மலர் போன்ற முகம், உவமை. "முகமலர்" என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், உருவகம். சொல் வரிசை மாறியதில் உறவே மாறிவிட்டது. உவமையில் இரண்டு பொருள்களும் தனித்தனியே நிற்கின்றன, உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் அடுத்து வரும் வினைச்சொல் எல்லாம் அந்த உருவகத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

"வாழ்க்கைப் படகு பல மேடு பள்ளங்களைத் தாண்டிச் சிகரத்தைத் தொட்டது" என்ற வாக்கியத்தில் படகு மலை ஏறுகிறது. படகு என்று தொடங்கினால் அலை, சுழல், கரை, துடுப்பு. அது பிடிக்கவில்லையென்றால் படகையே விட்டுவிடுங்கள். "ஊழலின் வேரைக் களைந்து புதிய அத்தியாயம் படைப்போம்" என்பதும் இதே வகைதான்: பாதி தோட்டம், பாதி புத்தகம்.

"என்னும்" என்ற சொல்லைப் பாருங்கள். "அறியாமை என்னும் இருள்", "கல்வி என்னும் விளக்கு". தப்பில்லை, ஆனால் மேடைப் பேச்சின் வாடை வரும். உருவகத்தை வினையில் ஒளித்து வைத்தால் இயல்பாக இருக்கும்: "அவள் குரலில் துரு ஏறியிருந்தது." குரல் இரும்பு என்று எங்கும் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாயிற்று. உருவகத்தை எழுதிவிட்டு அடுத்த வரியில் விளக்கமும் எழுதாதீர்கள். விளக்கம் தேவைப்படுகிறதென்றால் உருவகத்தை மாற்ற வேண்டும் என்று பொருள்.

7. ஓசை: குரல் பதிவு இப்போதுதான்

"அழுத்தம்" என்று குறித்த இடங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கேளுங்கள். கண் தாண்டிப் போவதைக் காது பிடித்துவிடும்.

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி, முதல் எழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவில் ஒத்து வந்தால் எதுகை: பட்டு, கட்டு. இறுதி ஒன்றினால் இயைபு. மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்றில்லை. ச, த ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஞ, ந அப்படியே. ம, வ அப்படியே. இது தெரிந்தால் சொல் தேட நிறைய இடம் கிடைக்கும்.

தலைப்பு, முழக்கம், பத்தியின் கடைசி வரி ஆகியவற்றுக்கு மோனை நன்றாக உதவும். உரைநடையின் நடுவே இயைபு தொடர்ந்து வந்தால் மட்டும் உடனே கலைத்துவிடுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் "வந்தான், நின்றான், பார்த்தான், சிரித்தான்" என்று நாம் விரும்பாமலேயே இயைபு விழும். ஒன்றை வினையெச்சமாக்குங்கள், ஒன்றைப் பெயரில் முடியுங்கள், ஒரு வரியைக் கேள்வியாக்குங்கள்.

இரட்டைக்கிளவி நம் மொழியின் பெரும் செல்வம். சலசல, மளமள, படபட, நெடுநெடு. ஒலியையும் அசைவையும் ஒரே சொல்லில் தருகிறது. ஆனால் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் குழந்தைப் பாட்டின் சாயல் வந்துவிடும். அடுக்குத்தொடர் வேறு: "போ போ", "தீ தீ தீ". பிரித்தாலும் பொருள் தரும், அவசரத்தையும் அச்சத்தையும் காட்டும், நான்கு முறை வரை அடுக்கலாம்.

சொல் திரும்ப வருவதைக் குறை என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு பத்தியில் "வீடு" இரண்டாம் முறை வந்தால் இல்லம், மனை, அகம் என்று மாற்றுகிறார்கள். வேண்டாம். ஒரே சொல் அதே பொருளில் மீண்டும் மீண்டும் வருவது சொற்பொருள் பின்வருநிலையணி, வேண்டுமென்றே செய்தால் பெரும் வலிமை தரும். "வீட்டை விற்றார்கள். வீட்டில் இருந்த கட்டிலை விற்றார்கள். வீட்டுக்கு வந்த கடிதங்களை மட்டும் யாரும் வாங்கவில்லை." இதில் இல்லம், மனை என்று மாற்றினால் அடி விழாது. தெரியாமல் திரும்பியதா, தெரிந்தே திருப்பியதா என்பதைக் குரல் பதிவே காட்டிக்கொடுக்கும்.

8. எச்சரிக்கையோடு தொட வேண்டியவை

தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் நம் குறிப்பை ஏற்றுவது. மதுரைக் கோட்டையில் காற்றில் ஆடும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் "வராதீர்கள்" என்று கைகாட்டி மறிப்பதாகச் சொல்லும் சிலப்பதிகார வரியை எல்லாரும் படித்திருப்போம். அது ஏன் நிற்கிறது? கொடி உண்மையிலேயே அப்படித்தான் ஆடும், கையசைவுக்கும் அதற்கும் வடிவ ஒற்றுமை உண்டு, உள்ளே காத்திருப்பது கொலை. இந்த மூன்றும் சேர்ந்தால் செய்யுங்கள். நாயகி அழும்போதெல்லாம் வானமும் அழுதால் வாசகர் குடையை மடக்கிவிட்டுப் போய்விடுவார்.

உயர்வு நவிற்சி பேச்சில் இயல்பு, "உன்னை எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டேன்" என்போம். செய்தி சொல்லும் கட்டுரையில் ஒரு முறை மிகைப்படுத்தினாலும் மற்ற உண்மைகள்மேலும் சந்தேகம் விழும். புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சியைப் பாதி வாசகர்கள் உண்மைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். முகம் தெரியாதவர்கள் படிக்கப்போகும் எழுத்தில் தொடக்கத்திலேயே தொனி தெரியும்படி செய்யுங்கள். ஒரே சொல் இரண்டு பொருள் தரும் சிலேடை தானாகக் கிடைத்தால் சரி, தேடிப் போக வேண்டாம்.

9. குறியீடு: ஒரு வரியில் வைக்க முடியாது

உவமைக்கு வாசகரிடம் நீங்கள் வாங்குவது ஒரு நொடிக் கவனம். குறியீட்டுக்கு, அதாவது தன்னைத் தாண்டி வேறொன்றையும் குறிக்கும் பொருளுக்கு, கதை முழுவதும் கவனம் வேண்டும். அதனால் கதை முடிந்த பிறகு, ஏற்கெனவே அதில் இருக்கும் பொருள்களைப் பட்டியல் போடுங்கள்: நின்றுபோன கடிகாரம், பூட்டிய அலமாரி, ஒரு பழைய குடை. எது இயல்பாகவே மீண்டும் வந்திருக்கிறதோ அதை எடுங்கள். முதல்முறை வெறும் பொருளாக வரட்டும். நடுவில் யாராவது அதைப் பயன்படுத்தட்டும். மூன்றாவது முறை வரும்போது நிலைமை மாறியிருக்கட்டும். அது எதைக் குறிக்கிறது என்று எந்தப் பாத்திரமும் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து ஒரு புறாவையோ உதிர்ந்த இலையையோ கொண்டுவந்து வைத்தால் ஒட்டவைத்தது தெரியும்.

10. எந்த எழுத்துக்கு எவ்வளவு

விண்ணப்பம், அறிக்கை, செய்முறைக் குறிப்பு: விளக்கத்துக்கான உவமை மட்டும், அதுவும் தேவைப்பட்டால். கட்டுரைக்கு உவமை, எடுத்துக்காட்டு, முரண் போதும். சிறுகதைக்குத் தன்மையணிதான் அடித்தளம், மற்றவை அதன்மேல் அளவாக. கவிதையில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் சிறிய கவிதை ஒரு படிமத்துக்கு மேல் தாங்காது. இரங்கல் குறிப்பு எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, அவர் செய்த ஒரு காரியத்தை அப்படியே எழுதுங்கள்.

11. நீக்கிப் பாருங்கள், பிறகு ஒருவரிடம் கொடுங்கள்

சேர்த்த அணி ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அடித்துவிடுங்கள். பிடித்த வரியாக இருந்தாலும் சரி. அடித்ததை நோட்டில் எழுதி வையுங்கள், வேறோர் இடத்தில் உதவும்.

பிறகு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள், அதனால் பயனில்லை. இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது? படித்து முடித்ததும் கண்முன் நிற்பது என்ன? முதல் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் நீங்கள் சேர்த்த அணியைக் காட்டும். புரியாமல் திரும்பினாரா, பிடித்துத் திரும்பினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவதற்கு அவர் உங்கள் உவமையைச் சொல்லி, அது எதற்காக வந்தது என்பதைச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.